மருத்துவ கஞ்சா: தடையா, மாத்திரையா, மருந்தாளுநரா, திறந்த கடையா?

மருத்துவ கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “இன்றைக்குக் கஞ்சா, நாளைக்கு ஹெராயின்.” அதோடு பேச்சு முடிந்துவிடும். புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே தங்காமல் வாந்தி எடுப்பவரும், ஒரு நாளைக்கு நாற்பது முறை வலிப்பு வருகிற குழந்தையும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே அவசரம்தான். “அதெல்லாம் கட்டுக்கதை, கஞ்சா வெறும் மூலிகை” என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு பேச்சுமே நோயாளிக்கும் உதவாது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் உதவாது என்பது என் எண்ணம்.

இந்தச் சண்டை அதிகம் நடந்ததும், அதிக வழிகள் முயன்று பார்க்கப்பட்டதும் அமெரிக்காவில்தான். அங்கே மத்திய அரசின் சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு வழியை எடுத்துக்கொண்டது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் நிறையவே இருக்கிறது. முழுத் தடை ஒரு வழி. மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற மருந்துகளுக்கு மட்டும் அனுமதி என்பது இன்னொன்று. மினசோட்டா 2014இல் செய்ததுபோல மருந்தாளுநர் கையால் அளந்து கொடுப்பது மூன்றாவது. கலிஃபோர்னியா 1996இல் செய்ததுபோல டாக்டர் சொன்னால் போதும், யாரும் வாங்கலாம் என்று விடுவது நான்காவது. அதையும் தாண்டி, 21 வயது ஆன எல்லோருக்கும் கடை திறந்துவிடுவது ஐந்தாவது. நான் மூன்றாவது வழியின் பக்கம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஹெராயின் பயத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வழிகளையும் அதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள்.

கஞ்சா மற்ற போதைகளுக்கு வாசலாக அமைகிறது என்பதுதான் கேட்வே கொள்கை. இதன் பழைய கதையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கஞ்சாவுக்கு எதிரான முதல் மத்திய சட்டம் 1937இல் வந்தபோது நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னவர் போதைப்பொருள் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். கஞ்சாவை ஒழிக்க அவரைப்போல முனைந்து நின்ற அதிகாரி அன்றைக்கு வேறு யாரும் இல்லை. கஞ்சா புகைக்கிறவர் பிறகு ஹெராயின், அபின், கொக்கெய்ன் என்று போகிறாரா என்று ஓர் உறுப்பினர் அவரிடம் நேராகவே கேட்டார். இல்லை, அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை, அது வேறு கூட்டம், இது வேறு கூட்டம் என்றார் அவர். 1951இல் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டம் வந்தபோது அதே ஆன்ஸ்லிங்கர், போதைக்கு அடிமையான இளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கஞ்சாவில்தான் தொடங்கினார்கள் என்று பேசினார். இடையில், 1944இல், நியூயார்க் மேயர் லகார்டியா அமைத்த குழு அந்த நகரத்திலேயே ஆராய்ந்து, கஞ்சா ஹெராயினுக்கோ மார்ஃபினுக்கோ இட்டுச் செல்வதாகத் தெரியவில்லை என்று எழுதி வைத்திருந்தது. ஆக, பயம் முதலில் வந்தது, ஆராய்ச்சி பிறகு வந்தது.

ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சி அந்தப் பயத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டது என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1975இல் டெனிஸ் கேண்டல் என்ற ஆய்வாளர், பதின்ம வயதினர் போதைப் பழக்கத்துக்குள் போகும் வரிசையைக் காட்டினார். முதலில் பீரும் ஒயினும், அடுத்து சிகரெட்டும் சாராய வகைகளும், அப்புறம் கஞ்சா, அதற்கும் பிறகுதான் மற்றவை. இந்த வரிசை உண்மை, பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே பார்த்தன. ஆனால் வரிசையில் முன்னால் நிற்பதுதான் பின்னால் வருவதற்குக் காரணம் என்று சொல்ல முடியுமா? கோழி கூவியதாலா பொழுது விடிகிறது? அப்படியே சொல்வதென்றாலும் அந்த வரிசையில் முதலில் நிற்பது பீரும் சிகரெட்டும். வெள்ளை மாளிகையே கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆய்வமைப்பு 1999இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது: கஞ்சா பெரும்பாலும் மற்ற சட்டவிரோதப் போதைகளுக்கு முன்னால் வருகிறது என்பது சரி, ஆனால் அதற்கும் முன்னால் வயது வராத பிள்ளைகளின் குடியும் புகையும் வருகின்றன, கஞ்சாவின் ரசாயனம்தான் அடுத்த போதைக்குத் தள்ளுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

2002இல் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். ஒருவருக்கு எந்தப் போதையானாலும் முயன்று பார்க்கும் இயல்பு கூடுதலாக இருக்கிறது, கஞ்சா எளிதாகவும் சின்ன வயதிலும் கிடைக்கிறது, கொக்கெய்னும் ஹெராயினும் பிறகுதான் கிடைக்கின்றன என்று மட்டும் வைத்துக்கொண்டாலே, கேட்வே ஆதரவாளர்கள் காட்டும் புள்ளிவிவரம் அத்தனையும் அப்படியே வந்துவிடுகிறது. கஞ்சா காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது காரணம் இல்லை என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது, புள்ளிவிவரத்துக்கு வேறு விளக்கமும் உண்டு என்று மட்டும்தான் ஆகும். இந்த இடத்தில்தான் கஞ்சா ஆதரவாளர்கள் அவசரப்பட்டு வெற்றி முரசு கொட்டிவிடுகிறார்கள்.

ஏனென்றால் அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மைக்கேல் லின்ஸ்கியும் அவரோடு இருந்தவர்களும் 311 இரட்டையர் ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் 17 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர், மற்றவர் தொடாதவர். ஒரே வீடு, ஒரே பெற்றோர், பல ஜோடிகளுக்கு ஒரே மரபணு. அப்படியிருந்தும் சின்ன வயதில் தொட்டவருக்கு மற்ற போதைகளிலும் குடியிலும் போய் விழும் வாய்ப்பு 2.1 மடங்கிலிருந்து 5.2 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. குடும்பம்தான் காரணம், ரத்தம்தான் காரணம் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த யாஸ்மின் ஹர்ட், இளம்பருவ எலிகளுக்கு டிஎச்சி கொடுத்துப் பார்த்தார். டிஎச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள். வளர்ந்த பிறகு அந்த எலிகள் மற்ற எலிகளைவிட அதிகமாக ஹெராயினை எடுத்துக்கொண்டன. இது 2007இல். அதே யாஸ்மின் ஹர்ட் 2019இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். ஹெராயினை விட்டுவிட்டு மீளப் போராடும் 42 பேருக்கு, கஞ்சாவிலேயே இருக்கும் போதை தராத இன்னொரு பொருளான சிபிடியைக் கொடுத்தார்கள். ஹெராயினை நினைவூட்டும் படங்களைப் பார்க்கும்போது எழும் ஏக்கமும் பதற்றமும் அவர்களுக்குக் குறைந்தன. ஒரே செடி, ஒரே ஆராய்ச்சியாளர். ஒரு பொருள் இளம் மூளையை ஹெராயின் பக்கம் இழுக்கிறது, இன்னொரு பொருள் அதிலிருந்து மீட்க உதவலாம் என்று தெரிகிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். செடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, நீ வாசலா இல்லையா என்று கேட்பதில் பயன் இல்லை. கேட்க வேண்டியவை மூன்று: யார் கையில் கிடைக்கிறது, அவருக்கு என்ன வயது, விற்கிறவர் பையில் வேறு என்ன இருக்கிறது. 55 வயதில் முதல் முறையாக, கீமோவுக்குப் பிறகு அளவாக எடுத்துக்கொள்பவரும், 14 வயதில் பள்ளிக்குப் பின்புறம் ஒரு வியாபாரியிடம் வாங்குகிறவனும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். சட்டத்தின் வேலை இந்த இருவரையும் பிரிப்பது. ஐந்து வழிகளையும் இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

முழுத் தடையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1970இன் சட்டம் கஞ்சாவை, மருத்துவப் பயன் எதுவும் இல்லை என்று சொல்லி, ஹெராயின் இருக்கும் முதல் பட்டியலில் வைத்தது. அதே மத்திய அரசு 1970களின் கடைசியிலிருந்து ஒரு சில நோயாளிகளுக்குத் தானே கஞ்சா வளர்த்து, சிகரெட்டாகச் சுருட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. கண்ணழுத்த நோய் இருந்த ராபர்ட் ராண்டல் என்பவர் 1976இல் நீதிமன்றத்தில் வென்றதால் வந்த திட்டம் அது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்துத் தோட்டத்தில் விளைந்து, 300 சிகரெட் அடைத்த தகர டப்பாக்களில் வரும். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று 1992இல் கதவை மூடினார்கள், இருந்தவர்களுக்கு மட்டும் தொடர்ந்து போனது. மருந்தே இல்லை என்று சட்டம் சொல்கிற பொருளை அரசே டப்பாவில் அடைத்துக் கொடுத்தது என்றால் அந்தச் சட்டத்தின் மேல் நோயாளிக்கு என்ன மரியாதை இருக்கும்? கேட்வே கணக்கிலும் தடை தோற்றுத்தான் போகிறது. தடை இருக்கும் ஊரில் கஞ்சா விற்கிறவரும் மாத்திரையும் கொக்கெய்னும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். வயது கேட்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

இரண்டாவது வழி கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கும்: செடியை விடுங்கள், அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுங்கள், மற்ற மருந்துகளைப்போலச் சோதியுங்கள், பிறகு கொடுங்கள். டாக்டர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள், எனக்கும் மனசு முதலில் இங்கேதான் போகும். எபிடியோலெக்ஸ் இதன் நல்ல உதாரணம். சுத்தமான சிபிடியை நல்லெண்ணெயில் கரைத்து, ஸ்ட்ராபெரி சுவை சேர்த்து, வாயில் விடும் சிரிஞ்சில் அளந்து கொடுக்கும் மருந்து. டிராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள 120 பேரிடம், குழந்தைகளும் இளைஞர்களுமாக, சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாதம் 12.4 என்றிருந்த பெரிய வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆக இறங்கியது. போலி மருந்து எடுத்தவர்களுக்கு 14.9 இருந்தது 14.1தான் ஆனது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதி ஏறுவது என்று பக்க விளைவுகளும் பதிவாகியிருக்கின்றன, அதனால் டாக்டருக்கு எதைக் கண்காணிக்க வேண்டும் என்று தெரியும். 2018 ஜூனில் எஃப்டிஏ ஒப்புதல் கிடைத்தது. போதையே இல்லாத இந்த மருந்தில் கேட்வே பற்றிப் பேச ஒன்றுமே இல்லை.

ஆனால் இந்த மருந்து எப்படி வந்தது என்று பாருங்கள். கொலராடோவில் சார்லட் ஃபீகி என்ற சிறுமிக்கு வாரத்துக்கு 300 வலிப்பு வரை வந்துகொண்டிருந்தது. டிஎச்சி மிகக் குறைவாகவும் சிபிடி அதிகமாகவும் உள்ள கஞ்சா எண்ணெயை அவள் குடும்பம் கொடுத்துப் பார்த்து, வலிப்பு வெகுவாகக் குறைந்ததை 2013இல் நாடு முழுதும் தொலைக்காட்சியில் பார்த்தது. சிபிடி மேல் மருந்து நிறுவனத்தின் கண் ஏற்கெனவே இருந்தது என்றாலும், அரசியல்வாதிகளின் மனம் அசைந்தது அதற்குப் பிறகுதான். கொலராடோவில் மருத்துவ கஞ்சா சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த எண்ணெய் அவள் நாக்கைத் தொட்டிருக்காது. ஒப்புதல் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வதில் இருக்கும் கொடுமை இது, குழந்தையின் வலிப்பு ஐந்து வருடம் காத்திருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற மருந்துகள் சில நோய்களுக்கு மட்டுமே. கீமோ வாந்திக்கு 1985லிருந்தே டிஎச்சி மாத்திரை உண்டு. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர் மாத்திரையை விழுங்கி, அது வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும், அதற்குள் மாத்திரையே வெளியே வந்துவிடும். 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுச் சுருக்கங்களை அலசி, மூன்று விஷயங்களில் கஞ்சா அல்லது அதன் பொருட்கள் பயன் தருவதற்கு வலுவான சான்று இருக்கிறது என்றன: பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோ வாந்தி, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் உணரும் தசை இறுக்கம். இந்த மூன்றில் வலிக்கென்று எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற கஞ்சா மருந்து இல்லை. வலியால் வருகிறவர்தான் அதிகம் என்னும்போது இந்த வழி அவரை எங்கே அனுப்பும்? அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலி மாத்திரையிடம்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலிஃபோர்னியா மக்கள் மருத்துவ கஞ்சாவுக்கு வாக்களித்த அதே 1996இல்தான் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை அமெரிக்க மருந்துக் கடைகளுக்கு வந்தது. ஒரு பக்கம் கஞ்சா ஹெராயினுக்கு வாசல் என்று அதிகாரிகள் மேடை மேடையாக எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் டாக்டர் கையெழுத்தோடு, காப்பீட்டுப் பணத்தில் அந்த மாத்திரை வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஹெராயினுக்கு அடிமையாகிச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எதில் தொடங்கினீர்கள் என்று கேட்டது. 1960களில் ஓபியாய்டு பழக்கத்தைத் தொடங்கியவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் ஹெராயினிலேயே தொடங்கியிருந்தார்கள். 2000க்குப் பிறகு தொடங்கியவர்களில் 75 சதவீதம் பேர் டாக்டர் சீட்டில் கிடைக்கும் வலி மாத்திரைகளில் தொடங்கியிருந்தார்கள். ஒரு தலைமுறையையே ஹெராயினுக்குக் கொண்டுபோன வாசல் ஒன்று இருந்தது என்றால் அது ஒப்புதல் முத்திரையோடு இருந்தது. முத்திரை வேண்டாம் என்று இதற்காகச் சொல்ல மாட்டேன், முத்திரை மட்டும் போதாது என்று சொல்வேன். யார் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார், கொடுத்த பிறகு யார் பார்த்துக்கொள்கிறார் என்பது முத்திரையைவிட முக்கியம்.

அப்படியானால் வலிக்குக் கஞ்சா கொடுத்தால் ஓபியாய்டு சாவு குறையுமா? குறையும் என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது, மருத்துவ கஞ்சா சட்டம் இருந்த மாநிலங்களில் ஓபியாய்டு சாவு விகிதம் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு என்று. ஆதரவாளர்கள் அதை விளம்பரப் பலகைகளில்கூட ஏற்றினார்கள். 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதே முறையில், 2010 வரை இருந்த கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்தார்கள். உறவு தலைகீழாகிவிட்டது, சட்டம் இருந்த மாநிலங்களில் 23 சதவீதம் அதிகம் என்று வந்தது. கஞ்சா காப்பாற்றவும் இல்லை, கொல்லவும் இல்லை, மாநிலக் கணக்கை வைத்துத் தனி மனிதனைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது என்பதுதான் அந்த இரண்டாவது ஆய்வை எழுதியவர்களின் கருத்தும். கேட்வே ஆதரவாளர்கள் வரிசையைக் காரணம் என்று எடுத்துக்கொள்வது தவறென்றால், இதுவும் அதே தவறுதான்.

இனி கலிஃபோர்னியா வழி. அதன் தொடக்கத்தை நான் மதிக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் இளைஞர்கள் எலும்பும் தோலுமாகச் செத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மேரி ராத்பன் என்ற வயதான பெண்மணி கஞ்சா சேர்த்த பிரவுனி செய்து பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் பிரிவுக்குக் கொண்டுபோவார். சாப்பாடு இறங்காதவர்கள் அதைத் தின்ற பிறகு சாப்பிட்டார்கள். அவரை மூன்று முறை கைது செய்தார்கள். அந்த வேதனையிலிருந்து வந்ததுதான் 1996இன் 215ஆம் முன்மொழிவு, 55.6 சதவீத வாக்கில் வென்றது. டாக்டர்கள் பரிந்துரைத்தால் அவர்களின் உரிமத்தில் கை வைப்போம் என்று மத்திய அரசு மிரட்டியது, பிறகு நீதிமன்றம் டாக்டர்கள் பக்கம் நின்றது.

ஆனால் அந்தச் சட்டத்தில் நோய்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் கஞ்சாவால் நிவாரணம் கிடைக்கும் வேறு எந்த நோயும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. சில வருடங்களில் லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் கடற்கரை நடைபாதையில், டீ ஷர்ட் கடைக்கும் பச்சை குத்தும் கடைக்கும் நடுவே, பச்சை உடை போட்டவர்கள் நின்று போகிற வருகிறவர்களைக் கூவி அழைத்து டாக்டர் சீட்டு வாங்கித் தரும் நிலை வந்தது. தூக்கம் வரவில்லை, முதுகு வலிக்கிறது என்றால் போதும். எவ்வளவு டிஎச்சி, எத்தனை முறை, ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இதில் உண்மையான நோயாளிக்கு நடந்த அநியாயம் பெரிது. எய்ட்ஸ் வார்டில் இருந்தவரையும் வார இறுதிக்குக் கொண்டாட்டம் தேடியவரையும் ஒரே சீட்டில் சேர்த்ததால், மருத்துவ கஞ்சா என்றாலே ஏமாற்று வேலை என்ற பேச்சுக்கு வழி விட்டார்கள்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இப்படித் திறந்துவிட்ட மாநிலங்களில் பிள்ளைகளின் பழக்கம் ஏறிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். 1991 முதல் 2014 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களின் பதில்களை வைத்து டெபோரா ஹாசினின் குழு பார்த்தபோது, அந்த மாநிலங்களில் மாணவர் பழக்கம் ஏற்கெனவே அதிகமாக இருந்தது, மருத்துவச் சட்டம் வந்ததால் கூடவில்லை. கேட்வே பயம் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட இடத்தில் அது நடக்கவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

தாய்லாந்தும் இதே பாதையில்தான் போனது, இன்னும் வேகமாக. 2018இல் மருத்துவத்துக்கு மட்டும் என்று தொடங்கி, 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே செடியை எடுத்துவிட்டார்கள். விற்பனையை முறைப்படுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறுவதற்கு முன்பே ஊரெங்கும் ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்துவிட்டன. 2025 ஜூனில் மறுபடியும் டாக்டர் சீட்டு வேண்டும் என்று இறுக்கினார்கள்.

ஐந்தாவது வழியான எல்லாப் பெரியவர்களுக்கும் கடை என்பதில் நெதர்லாந்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது, அங்கே முழுச் சட்ட அனுமதி இல்லை என்றாலும். 1976இல் அவர்கள் எடுத்த முடிவே கேட்வே கொள்கைக்கான பதில்தான். கஞ்சாவை நாடுகிற இளைஞன் ஹெராயின் வியாபாரியைச் சந்திக்காமல் இருந்தால் போதும் என்று இரண்டு சந்தைகளையும் பிரித்தார்கள். காபி ஷாப் என்ற பெயரில் நடக்கும் கஞ்சாக் கடையில் ஒருவருக்கு 5 கிராம், 18 வயது ஆகியிருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, மற்ற போதை எதுவும் கடையில் இருக்கக்கூடாது. டச்சுக்காரர்களிடம் கஞ்சாவிலிருந்து கடுமையான போதைகளுக்குப் போகும் போக்கு மற்ற பல நாடுகளைவிடக் குறைவாகத் தெரிகிறது என்று ராபர்ட் மக்கூன் 2011இல் எழுதினார். ஆனால் 2006இல் டச்சு இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், சின்ன வயதில் தொட்டவருக்கு மற்ற போதைகளின் ஆபத்து அங்கேயும் கூடுதலாகவே இருந்தது. சந்தையைப் பிரிப்பது உதவும், ஆனால் வயதின் ஆபத்தை அது துடைத்துவிடாது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கடைகள் டச்சுக் கடைகளைப்போல அடக்கமானவை இல்லை, அதுதான் எனக்கு நெருடல். அரசு பிடித்த கஞ்சாவில் 1995இல் டிஎச்சி சராசரி 4 சதவீதம் அளவில் இருந்தது, 2014இல் 12 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்குக் கடையில் விற்கும் மெழுகு போன்ற சாறுகளில் 70, 80 சதவீதம் சாதாரணம். லாபம் தினமும் எடுப்பவரிடமிருந்துதான் வரும் என்பதால் கடை அவரைத்தான் வளர்க்கும். ஹெராயின் பேச்சில் மூழ்கி நாம் மறந்துவிடும் விஷயமும் இதுதான்: கஞ்சாவே பிடித்துக்கொள்ளும். ஒரு முறையாவது எடுத்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதற்கு அடிமையாகிறார்கள் என்று 1994இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. புகையிலையின் 32 சதவீதத்தோடும் மதுவின் 15 சதவீதத்தோடும் ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் என்று ஏறிவிடுகிறது. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்களின் ஆபத்து கூடுவதையும் நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை ஹெராயினுக்குப் போகவில்லை என்பதோடு ஒரு பெற்றோர் நிம்மதி அடைந்துவிட முடியாது.

சரி, மினசோட்டா. 2014இல் வந்த சட்டம், 2015 ஜூலையில் விற்பனை தொடங்கியது. ஆரம்பத்தில் ஒன்பது வகை நோய்கள் மட்டும்: புற்றுநோய், வலிப்பு, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸின் தசை இறுக்கம், எய்ட்ஸ், கிரோன்ஸ் குடல் நோய் போன்றவை. தயாரிக்க இரண்டே நிறுவனங்கள். அப்போது புகைக்கும் பூ கிடையாது. எண்ணெய், காப்ஸ்யூல், ஆவியாக இழுக்கும் திரவம் மட்டும், ஒவ்வொன்றிலும் டிஎச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்று அளந்து அச்சிட்டிருக்கும். டாக்டரின் வேலை இவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று சான்று கொடுப்பதோடு முடிந்துவிடும். கவுண்டரில் எதிரே உட்காருகிறவர் உரிமம் பெற்ற மருந்தாளுநர். நோயாளி தன் வலியும் குமட்டலும் தூக்கமும் எப்படி இருக்கிறது என்று ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், மருந்தாளுநர் அதைப் பார்த்து, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்டு, எந்த வகை, எத்தனை மில்லி கிராம் என்று முடிவு செய்து, அன்றைய விதிப்படி 30 நாளுக்கு மேல் போகாமல் கொடுத்தார். அடுத்த முறை வரும்போது மறுபடியும் படிவம். இப்படிச் சேர்ந்த பதில்களை மாநில சுகாதாரத் துறை தொகுத்து வெளியிட்டது. யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை, என்ன பக்க விளைவு என்று ஒரு மாநிலமே எழுதி வைத்தது.

என் மூன்று கேள்விகளையும் இங்கே போட்டுப் பாருங்கள். வாங்குகிறவர் நோயாளி, பிள்ளையாக இருந்தால் பொறுப்பான பெரியவர் வழியாகத்தான் கிடைக்கும். கொடுப்பவர் பையில் ஹெராயினும் இல்லை, லாபத்துக்காக வீரியத்தை ஏற்றிக்கொடுக்கும் தூண்டுதலும் அவருக்கு இல்லை. பழைய மருந்துகளோடு மோதுமா என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். எஃப்டிஏ ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கொடுமையும் இல்லை, வெனிஸ் கடற்கரைக் கூவலும் இல்லை.

குறைகள் இல்லையா என்றால், இருந்தன. ஒன்பது நோய்ப் பட்டியல் குறுகலாக இருந்ததால் தீராத வலிக்காரர்கள் 2016 வரை வெளியே நிற்க வேண்டியிருந்தது. இரண்டே நிறுவனம் என்பதால் விலை ஏறியது. தொடக்கத்தில் பதிவுக்கே வருடத்துக்கு 200 டாலர், அதற்கு மேல் மருந்துக்கு ஒவ்வொரு மாதமும் கைக்காசு, ஏனென்றால் மத்திய சட்டம் ஏற்காத பொருளுக்குக் காப்பீடு பணம் தராது. கட்டுப்படியாகாதவர்கள் பழையபடி தெரு வியாபாரியிடம் போனால் இத்தனை கவனமும் வீண். 2022இல் பூவுக்கும் அனுமதி வந்தது, அதற்கு விலையும் ஒரு காரணம். அடுத்த வருடம் மாநிலம் எல்லாப் பெரியவர்களுக்கும் திறந்துவிட்டது. மருந்தாளுநர் கவுண்டர் எதற்கு, பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று நோயாளி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே போனால் அவரிடம் கேள்வி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1893-94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவான பழக்கத்தால் பெரிய கேடு இல்லை, முழுத் தடை நியாயமில்லை, கட்டுப்படுத்தி வரி போடுங்கள் என்று சொன்னது. 1985இல் வந்த இந்தியப் போதைப்பொருள் சட்டமான என்டிபிஎஸ் பூவையும் பிசினையும் தடை செய்து, இலையை விட்டு வைத்தது, மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரிமம் தரும் வழியையும் வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 என்று எடுத்தபோது இந்தியா எடுக்கலாம் என்றுதான் வாக்களித்தது. என்றாவது ஒருநாள் இங்கேயும் இந்த முடிவை எடுக்க உட்காருவார்கள். அப்போது கலிஃபோர்னியாவின் அந்த ஒரு வரியைக் காப்பி அடிக்காமல் இருந்தால் நல்லது.

விலைக்கு ஒரு வழி ஜெர்மனியில் இருக்கிறது. 2017லிருந்து கடும் நோயுள்ளவருக்கு டாக்டர் சீட்டு எழுதினால் சாதாரண மருந்துக் கடையிலேயே கஞ்சா கிடைக்கும், பொதுக் காப்பீடு பணம் கொடுக்கும். பல நேரங்களில் முன் அனுமதி வாங்க வேண்டும், விண்ணப்பங்கள் பல நிராகரிக்கப்படுவதும் உண்டு. 2024 ஏப்ரலில் மருத்துவ கஞ்சாவைப் போதைப்பொருள் சட்டத்திலிருந்து விடுவித்த பிறகு, ஆன்லைனில் படிவம் நிரப்பினாலே சீட்டு கிடைக்கும் தளங்கள் பெருகி, அரசு மறுபடி இறுக்கப் பார்க்கிறது, அது கலிஃபோர்னியா கதையேதான். அதனால் நான் ஒரு சட்டமன்றத்துக்குச் சொல்ல முடிந்தால் மினசோட்டாவின் கவுண்டரையும் படிவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், நோய்ப் பட்டியலில் முதல் நாளே தீராத வலியைச் சேர்க்கச் சொல்வேன், வீரியம் ஏற்றிய சாறுகளை மருத்துவக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பேன், பணத்துக்கு ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டைப்போல ஓர் ஏற்பாடு வேண்டும் என்பேன். சீட்டு எழுதும் டாக்டர் நோயாளியை ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.